மூங்கிலின் அடியில்

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் அக்கா மகனோடு தேக்கா சந்தைக்குள் நுழைவது, தேரோடு வீதியுலா போவது மாதிரி. வழியெல்லாம் அண்ணாந்து பார்ப்பார்கள். அவன் உயரம் 196 சென்டிமீட்டர். இன்னும் வளர்கிறான் என்பது அக்காவின் கணக்கு.

"தம்பி, தலை தலை! மேல கம்பி இருக்கு" என்பார் ஆட்டிறைச்சிக் கடைக்காரர். "என்னம்மா போட்டு வளத்தே இவன?" என்று அக்காவிடம் கேட்பார் கீரை விற்கும் அம்மா. அடுத்த கேள்வி எல்லாருக்கும் பொது. "தம்பி, பாஸ்கெட்பால் ஆடுறியா?"

பன்னிரண்டு வயதிலிருந்து அவன் கேட்கும் கேள்வி அது. வழக்கமாகச் சிரித்துக்கொண்டே தலையாட்டுவான். அன்று பதில் சொல்லாமல் மீன் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டான்.

"வெள்ளிக்கிழமையிலிருந்து இப்படித்தான்" என்றார் அக்கா. "பதினெட்டுப் புள்ளி போட்ட பிள்ளைய யாராவது உக்கார வைப்பாங்களா? நீ ஒருதரம் அந்தப் பயிற்றுவிப்பாளர்கிட்ட பேசு தம்பி."

அவன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. கல்லூரி அணியின் சென்டர். வெள்ளிக்கிழமை அரையிறுதி ஆட்டம். எட்டு நிமிடம் மீதமிருக்கும்போது பயிற்றுவிப்பாளர் அவனை வெளியே அழைத்தார். திரும்ப அனுப்பவில்லை. ஏழு புள்ளியில் தோற்றார்கள். ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறையில், "இந்த உயரத்தை வச்சுக்கிட்டு இப்படி ஆட வெட்கமா இல்லையா?" என்று அவர் கேட்டாராம். பத்து நாள் கழித்து மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். அதற்குப் போகப் போவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டான். சில மாதங்களில் தேசிய சேவை. இத்தனை ஆண்டு ஆட்டம் இப்படித்தான் முடியப்போகிறது என்பதுதான் அக்காவின் கவலை.

உணவு நிலையத்தில் ஒரு மேசை பிடித்தோம். தோசையும் தேத்தண்ணியும் வந்தன. அக்கா கைப்பேசியில் பதிவு செய்திருந்த ஆட்டத்தை நான் அங்கேயே பார்க்கத் தொடங்கினேன். நானும் ஒரு காலத்தில் ஆடியவன்தான். பெரிய ஆட்டக்காரன் இல்லை. 168 சென்டிமீட்டர் உயரத்தில் என்னை யாரும் பாஸ்கெட்பால் ஆடுகிறாயா என்று கேட்டதே கிடையாது. ஆனாலும் அவனுக்குப் பத்து வயதில் முதல் பந்தை வாங்கிக் கொடுத்தவன் நான். அந்தப் பொறுப்பு எனக்கு உண்டு.

பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் கோடு கோடாகப் போட்டு எண்ணினேன். இரண்டாம் பாதியில், அவன் களத்தில் இருந்தவரை, எதிரணி தவறவிட்ட பந்துகள் 13. அவற்றில் எட்டை அவர்களே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அந்த எட்டிலிருந்து அவர்களுக்குக் கிடைத்தது 11 புள்ளி. எட்டில் ஆறை எடுத்தவன் ஒரே ஆள். எதிரணியின் சென்டர், நம் பிள்ளையைவிட ஒரு சாண் குள்ளம்.

பயிற்றுவிப்பாளரின் பேச்சை நான் ஏற்கவில்லை. ஆனால் அவர் கணக்கு தப்பில்லை. அக்காவிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இன்னொரு தே சொன்னேன்.

பந்தைப் பார்த்தவனும் ஆளைப் பார்த்தவனும்

கூடைப்பந்து பார்க்காத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வளையத்தில் படாமலோ பட்டுத் தெறித்தோ வெளியே வரும் பந்தைக் கைப்பற்றுவதுதான் ரீபவுண்ட். எதிரணி எறிந்து தவறிய பந்தை நாம் எடுத்தால் அவர்கள் முறை முடிந்தது. அவர்களே எடுத்துவிட்டால், இருபது விநாடி நாம் ஓடித் தடுத்ததெல்லாம் வீண். மறுபடி வளையத்துக்கு மிக அருகில் இருந்து ஒரு வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கும்.

காணொளியில் நம் பிள்ளை என்ன செய்தான்? எதிராளி பந்தை எறிந்தவுடன் திரும்பி வளையத்தைப் பார்த்தான். கையைத் தூக்கினான். பந்து தன்னிடம் வரும் என்று காத்திருந்தான். அந்தக் குள்ளச் சென்டர் பந்தைப் பார்க்கவே இல்லை. முதலில் நம் பிள்ளையைத் தேடினான். அவன் முன்னால் புகுந்து, முதுகை அவன் மார்பில் வைத்து, முழங்காலை மடக்கி உட்கார்ந்தாற்போல் நின்றான். அதன் பிறகுதான் மேலே பார்த்தான். இடத்தைப் பிடித்தவனுக்குத் தாவல் பாதி போதும். பின்னால் நிற்பவன் எவ்வளவு உயரமாக இருந்தாலும் முதுகுமேல் ஏறினால் ஃபவுல்.

இதற்குப் பெயர் 'பாக்ஸ் அவுட்'. பெரும்பாலான ரீபவுண்டுகள் வளையத்துக்குக் கீழேதான் எடுக்கப்படுகின்றன என்று பயிற்றுவிப்பாளர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். பந்து இறங்கி வரும். இறங்கும் இடத்தில் யார் நிற்கிறார் என்பதுதான் கேள்வி.

அமெரிக்க என்பிஏ வரலாற்றில் டென்னிஸ் ராட்மன் என்பவர் 1992 முதல் 1998 வரை தொடர்ந்து ஏழு பருவங்கள் ரீபவுண்டில் முதலிடம். அவர் உயரம் 201 சென்டிமீட்டர். அவரோடு மோதிய சென்டர்கள் பலர் 210-க்கும் மேல். வெஸ் அன்செல்ட் என்ற இன்னொருவர் சென்டராகவே ஆடினார். அவருக்கும் ஏறக்குறைய அதே உயரம்தான். 1968-69இல் அவர் ஆடிய முதல் பருவத்திலேயே ஆட்டத்துக்குச் சராசரியாக 18 ரீபவுண்ட் எடுத்தார். அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம், லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற இரண்டு விருதுகளும் அவருக்கே கிடைத்தன. ராட்மன், நண்பர்களை இரவில் கூட்டிப்போய் வெவ்வேறு இடங்களிலிருந்து பந்தை எறியச் சொல்லி, அது எந்தப் பக்கம் எப்படித் தெறிக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்ததாக ஆவணப்படம் ஒன்றில் அவரே சொல்லியிருக்கிறார். நாம் பாடம் படித்ததுபோல் அவர் பந்தின் தெறிப்பைப் படித்தார்.

ஏழடி ஐந்தங்குலத்தின் கதை

அன்று மேசையில் நான் அவனிடம் சொன்ன கதை ராட்மனுடையது அல்ல. நம் வம்சாவளியில் வந்த ஒரு பையனுடையது.

சிம் புல்லர். பெற்றோர் பஞ்சாபிலிருந்து கனடாவில் குடியேறியவர்கள். டொராண்டோவில் பிறந்தவர். உயரம் ஏழடி ஐந்தங்குலம், அதாவது 226 சென்டிமீட்டர். எடை 160 கிலோவுக்கு மேல். அவருடைய தம்பியும் ஏழடியைத் தாண்டியவர். நியூ மெக்சிகோ ஸ்டேட் பல்கலைக்கழக அணிக்கு சிம் புல்லர் சென்டராக இரண்டு பருவங்கள் ஆடினார். 2013, 2014 என இரண்டு ஆண்டும் அவர்கள் வட்டாரப் போட்டியை வென்று தேசியப் போட்டிக்குப் போனார்கள். இரண்டு முறையும் வட்டாரப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான்.

கேட்கும்போது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று தோன்றும். எண்களைப் பாருங்கள். முதல் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 6.7 ரீபவுண்ட். இரண்டாவதில் 7.8. மோசமில்லை. ஆனால் களத்தில் எல்லாரையும்விட உயரமான ஒருவருக்கு இது பெரிய எண்ணும் இல்லை. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர்தான், 2011இல், மோர்ஹெட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கென்னத் ஃபரீட் கல்லூரி ஆட்டங்களில் 1,673 ரீபவுண்டுகளோடு முடித்து நவீன காலச் சாதனை படைத்திருந்தார். அவர் உயரம் 203 சென்டிமீட்டர்.

புல்லரின் சிக்கல் கால்களில் இருந்தது. அந்த உடலைத் தூக்கிக்கொண்டு களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடுவது எளிதல்ல. 40 நிமிட ஆட்டத்தில் அவர் சராசரியாக ஏறத்தாழ 25 நிமிடங்கள்தான் களத்தில் இருந்தார். வளையத்தின் கீழே நிற்கும்வரை அவர் மலை. இரண்டாம் பருவத்தில் ஆட்டத்துக்கு மூன்றுக்கும் மேற்பட்ட எறிதல்களைத் தட்டிவிட்டார். வளையத்தைவிட்டு அவரை வெளியே இழுத்துவிட்டால் கதை மாறிவிடும்.

எப்படி இழுப்பது? இதற்கு 'பிக் அண்ட் ரோல்' என்று பெயர். தேக்காவில் இருப்பவர்களுக்கு விளக்குவது சுலபம். ஞாயிறு மாலை பஃப்ளோ ரோட்டில் ஒருவரைப் பின்தொடர்ந்து வேகமாகப் போகிறீர்கள். திடீரென்று காய்கறிப் பெட்டிகளை அடுக்கிய தள்ளுவண்டி ஒன்று குறுக்கே வந்து நிற்கிறது. உங்களுக்கு முன்னால் போனவர் தப்பிவிட்டார். இப்போது அவரைப் பிடிக்க வண்டிக்கு அந்தப் பக்கம் நிற்கும் இன்னொருவர்தான் ஓடி வரவேண்டும். கூடைப்பந்தில் அந்த இன்னொருவர் பெரும்பாலும் சென்டர். குள்ளமான, வேகமான ஆட்டக்காரரை ஒரு நொடி மறித்துவிட்டு, உடனே பின்னோக்கி ஓடித் தன் ஆளையும் பிடிக்க வேண்டும். இரண்டடி முன்னால், மூன்றடி பின்னால், பக்கவாட்டில் இரண்டு. இடுப்பு தாழ்ந்து இருக்கவேண்டும். நேராக நிமிர்ந்து நிற்பவரால் பக்கவாட்டில் நகர முடியாது.

கல்லூரி ஆட்டத்தில் சென்டர் வளையத்தின் கீழேயே நின்றுகொள்ளலாம். என்பிஏ விதி வேறு. யாரையும் நெருங்கித் தடுக்காமல் அந்தப் பகுதிக்குள் மூன்று விநாடிக்கு மேல் நின்றால் குற்றம். அதாவது, மலை நகரவேண்டும். 2014 தேர்வில் 60 பேரை அழைத்தார்கள். புல்லர் பெயர் வரவில்லை.

பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. சேக்ரமென்டோ கிங்ஸ் குழு அவரை ஒப்பந்தம் செய்து, ரீனோ நகரிலிருந்த மேம்பாட்டு லீக் அணிக்கு அனுப்பியது. அந்த ஆண்டு அந்த அணி ஆடியது ஓட்டமோ ஓட்டம். ஆட்களைக் கூட்டம் கூட்டமாக மாற்றி, எதிராளியை மூச்சு விடவிடாமல் துரத்தும் முறை. உலகிலேயே அவருக்குப் பொருந்தாத முறை என்று சொல்லலாம். அங்கேதான் அவர் இளைத்தார், ஓடினார். ஒரு ஆட்டத்தில் 26 புள்ளி, 17 ரீபவுண்ட், 11 தடுப்பு. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி மின்னசோட்டாவுக்கு எதிராகச் சில விநாடிகள் களமிறங்கினார். என்பிஏ-வில் ஆடிய முதல் இந்திய வம்சாவளி வீரர் ஆனார். மறுநாள் யூட்டாவுக்கு எதிராக ஒரு கூடை. மொத்தம் மூன்று ஆட்டங்கள், எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம்போல. அதற்குப் பிறகு தைவானில் பல ஆண்டுகள் ஆடினார்.

அதே 2015இல் பஞ்சாப் கிராமம் ஒன்றில் பிறந்த சத்னாம் சிங்கை டாலஸ் குழு 52ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அவரும் ஏழடிக்கு மேல். என்பிஏ-வில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

"அப்ப உயரம் பிரயோசனமில்லன்னு சொல்றீங்களா மாமா?" என்றான் பிள்ளை. காலையிலிருந்து அவன் பேசிய முதல் வாக்கியம்.

"உயரம் உள்ள வர டிக்கெட்டுடா. உள்ள வந்தப்புறம் நடக்கணும்ல?"

அவன் சிரிக்கவில்லை. தோசையைக் கிள்ளிக்கொண்டே, "எல்லாருக்கும் என்கிட்ட தெரியறது அது மட்டும்தான். அதுவும் வேலைக்கு ஆகலன்னா, எனக்கு வேற என்ன இருக்கு?" என்றான்.

அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

இடிக்கக் கூடாது என்று சொன்னது யார்?

வீட்டுக்கு வந்து காணொளியை மறுபடி பார்த்தேன். முதலில் சோம்பல் என்று நினைத்தது சோம்பல் இல்லை. எதிராளி உடம்போடு வந்து சேரும் ஒவ்வொரு முறையும் நம் பிள்ளை ஓர் அரையடி விலகினான். தாக்கும்போது அப்படி இல்லை. பந்தைப் பிடித்துத் திரும்பி அழகாகப் போட்டான். உடம்போடு உடம்பு உரச வேண்டிய இடத்தில் மட்டும் விலகினான். எம்ஆர்டி ரயிலில் கூட்டத்துக்கு நடுவே அவன் நிற்பது போலவே. தோளைக் குறுக்கி, கையை ஒடுக்கி, யார் மேலும் பட்டுவிடாமல்.

அன்று இரவு அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு அக்கா கேட்டார், "தொடக்கப்பள்ளி மூணாவதுல நடந்தது உனக்கு ஞாபகமிருக்கா?"

இருந்தது. இடைவேளையில் ஓடிப்பிடித்து விளையாடும்போது இவன் ஒரு பையன் மேல் விழுந்துவிட்டான். அந்தப் பையனுக்குக் கை முறிந்தது. வேண்டுமென்று செய்ததில்லை. இருந்தாலும் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு அக்காவும் அத்தானும் இவனை அழைத்துப்போய் மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் ஒரே பாட்டு. "நீ பெருசு. நீதான் கவனமா இருக்கணும். யார் மேலயும் மோதிடாதே." அதை அதிகம் பாடியவர்களில் நானும் ஒருவன். திடலில் சின்னப் பிள்ளைகளோடு ஆடும்போது, "கையை மட்டும் தூக்குடா, போதும். நீதான் உயரமாச்சே. இடிக்காதே" என்று கத்தியவன் நான்தான்.

பத்து ஆண்டுகள் நாங்கள் சொல்லிக்கொடுத்ததை அவன் அப்படியே செய்துகொண்டிருக்கிறான். அதைத்தான் பயிற்றுவிப்பாளர் வெட்கக்கேடு என்கிறார்.

பயிற்றுவிப்பாளரிடம் பேசும்படி அக்கா அதன்பிறகு சொல்லவில்லை. பேசவேண்டியது யாரிடம் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்துவிட்டது.

புளோக்கின் கீழே

திங்கட்கிழமை வேலை முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். "கீழ வாடா, பத்து நிமிஷம்" என்றேன். ஆட்டத்துக்குப் போகமாட்டேன் என்றான். "ஆட்டத்துக்கு யார் கூப்பிட்டா? என்கூட வா."

புளோக்கின் கீழே உள்ள கூடைப்பந்துத் திடலில் இரண்டு சீனப் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவனைப் பந்தை எறியச் சொன்னேன். பந்து கிளம்பியதும் திரும்பி, அக்கா மகன் மேல் முதுகைச் சாய்த்து, தொடையில் வலியெடுக்க உட்கார்ந்தேன். 168 சென்டிமீட்டர், 47 வயது, காலில் அலுவலகச் சப்பாத்து. பந்து தரையில் ஒருமுறை விழுந்து எழும்பியது. நான் எடுத்தேன். ஐந்து முறை எறிந்தான். நான்கு எனக்கு. எறிந்த பையன் சிரித்துவிட்டான். நம் பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது.

"உங்க மேல விழுந்துடுவேனோன்னு இருக்கு மாமா" என்றான்.

"விழுந்தா என்ன?"

"உங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

அப்போதுதான் சொன்னேன். "மூணாவது படிக்கிறப்ப நடந்தது உன் தப்பில்லடா. நாங்க பயந்துட்டோம். அந்தப் பயத்தை உன் தலையில வச்சுட்டோம். முதுகை ஒருத்தன் நெஞ்சுல வச்சு நிக்கிறது அடிக்கிறது இல்ல. 'இது என் இடம்'னு சொல்றது. ஆட்டத்துல அதுக்கு அனுமதி இருக்கு."

அவன் பதில் சொல்லவில்லை. எறிந்த பையனிடம் மட்டும், "ஒன்ஸ் மோர், ப்ரோ" என்றான். அந்த முறை என் முதுகெலும்பு திடலின் வேலிக்கம்பியை எண்ணிப் பார்த்தது. என்னைத் தூக்கிவிட்டு, மூன்று முறை மன்னிப்புக் கேட்டான். இரவு தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தேன்.

அந்தப் பத்து நாளில் பெரிய வித்தை எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. மூன்றே வேலை. பந்து கிளம்பியதும் முதலில் ஆளைக் கண்டுபிடி, தொடு, இடுப்பைத் தாழ்த்து, பிறகு பந்து. அடுத்தது, ஒருவன் வளையத்தை நோக்கித் தாவி வரும்போது கையை வீசாதே. இரண்டு கையையும் செங்குத்தாக உயர்த்தி நேர் மேலே தாவு. உன் இடத்தில் நீ நேராக எழும்பினால், வந்து மோதுவது அவன் பொறுப்பு. மூன்றாவது, தரையில் கோடு போட்டுப் பக்கவாட்டில் நகர்வது. குதிகால் ஒட்டாமல், கால்கள் உரசாமல், மூச்சு வாங்கும்வரை. அவன் தங்கை எறிவதற்கு வந்தாள். இரண்டு நாள் அத்தானும் வேலை முடிந்து அப்படியே வந்துவிட்டார். அக்கா பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்துடா" என்று வாய்வரை வந்ததை அவர் விழுங்கியதை நான் பார்த்தேன்.

உதவிக்கு ஸ்டீவன் ஆடம்ஸ் ஆடும் சில காணொளிகளையும் காட்டினேன். நியூசிலாந்துக்காரர். 2016-17இல் ஓக்லஹோமா அணியில் அவருடன் ஆடிய ரசல் வெஸ்ட்புரூக், கார்ட் நிலையில் ஆடியும் சராசரி 10-க்கு மேல் ரீபவுண்ட் எடுத்தார். ஆடம்ஸுக்கு 7.7தான். பல முறை ஆடம்ஸ் எதிரணிச் சென்டரை முதுகால் அடைத்து நிற்பார். பந்தை வெஸ்ட்புரூக் எடுத்துக்கொண்டு ஓடுவார். பல காலம் இந்த வேலை எந்தக் கணக்கேட்டிலும் வரவில்லை. இப்போது பாக்ஸ் அவுட்டையும் என்பிஏ தனியாக எண்ணுகிறது.

இதைப் படிக்கும் இளையர்கள் சிலர் இந்நேரம் தங்கள் அலுவலகத்தை நினைத்திருப்பீர்கள். இடத்தை அடைத்து நிற்பவர் ஒருவர், பந்தை எடுத்து ஓடுபவர் வேறொருவர். என்ன செய்வது, எல்லா அலுவலகமும் இன்னும் எண்ணத் தொடங்கவில்லை. ஆனால் கூட ஆடுபவர்களுக்குத் தெரியும்.

பெற்றோருக்கும் ஒன்று உண்டு. நம் வீடுகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அடைமொழி இருக்கிறது. உயரமானவன், கெட்டிக்காரி, அமைதியானவன், வாயாடி. அன்பாகத்தான் சொல்கிறோம். பிள்ளை அதை வேலைப் பொறுப்பாக எடுத்துக்கொள்கிறது. கெட்டிக்காரி ஒரு பாடத்தில் தவறினால் இடிந்துபோகிறாள். உயரமானவன் ஒரு பந்தைக் கோட்டைவிட்டால், 'எனக்கு வேற என்ன இருக்கு?' என்கிறான்.

சனிக்கிழமை

ஆறாம் நாள் அவனே பயிற்றுவிப்பாளருக்குச் செய்தி அனுப்பினான். பயிற்சிக்கு வா என்று ஒரே வரியில் பதில் வந்தது.

மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தைப் பார்க்க நாங்கள் எல்லாரும் போனோம். அவனை முதல் ஐவரில் இறக்கவில்லை. முதல் பாதியின் நடுவில்தான் போனான். எதிரணி எறிந்த முதல் பந்திலேயே எதிராளிச் சென்டரைத் தேடிப்போய் முதுகை வைத்தான். கொஞ்சம் அதிகமாகவே வைத்தான், ஃபவுல். இரண்டாவது முறையும் ஃபவுல். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது முறை சரியாக உட்கார்ந்தான். பந்து அவனுக்கு இரண்டடி தள்ளி விழுந்தது. அணியின் சின்னப் பையன் ஒருவன் எடுத்துக்கொண்டு பறந்தான். மறுகோடியில் கூடை.

கைதட்டல் எல்லாம் அந்தச் சின்னப் பையனுக்கு. பயிற்றுவிப்பாளர் மட்டும் நம் பிள்ளையைக் காட்டி இரண்டு விரலால் தன் நெஞ்சைத் தட்டினார்.

எல்லாம் மாறிவிட்டது என்று எழுத ஆசைதான். மாறவில்லை. பிக் அண்ட் ரோலில் வேகமான கார்ட் ஒருவன் அவனை மூன்று முறை ஏமாற்றிவிட்டுப் போனான். கால் இன்னும் தாமதம்தான். பத்து நாளில் பத்து ஆண்டுப் பழக்கம் போகாது. நான்கு புள்ளியில் தோற்றார்கள். நம் பிள்ளை போட்டது ஆறு புள்ளி, எடுத்தது ஏழு ரீபவுண்ட். நான் மறுபடி பற்றுச்சீட்டின் பின்னால் எண்ணிக்கொண்டிருந்தேன். அவன் களத்தில் இருந்தபோது எதிரணி தவறவிட்ட 19 பந்துகளில் அவர்கள் திரும்ப எடுத்தது மூன்றுதான்.

"இன்னிக்குப் பெருசா ஒண்ணும் போடலியே தம்பி" என்றார் அக்கா, வெளியே வரும்போது. குறையாகச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அவன் அந்தப் பற்றுச்சீட்டை என்னிடமிருந்து வாங்கி அம்மாவிடம் காட்டி, ஒவ்வொரு கோடாக விளக்கிக்கொண்டு வந்தான். எம்ஆர்டி நிலையம் வரை.

நம் தேக்காவின் பெயருக்கு ஹொக்கியனில் 'மூங்கிலின் அடி' என்று பொருள். இந்தப் பக்கம் ஒரு காலத்தில் மூங்கில் வளர்ந்து நின்றதாம். மூங்கில் என்றால் எல்லாரும் உயரத்தைத்தான் பார்ப்பார்கள். பெயர் வைத்தவர்கள் அடியைப் பார்த்திருக்கிறார்கள். இதை அவனிடம் சொன்னபோது, "மாமா, ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றான்.

அடுத்த ஞாயிறும் சந்தைக்குப் போனோம். கீரைக்கார அம்மா வழக்கம்போல் அண்ணாந்து, "பாஸ்கெட்பால் ஆடுறியா தம்பி?" என்றார்.

"ஆமா ஆன்ட்டி" என்றான். "டிஃபென்ஸ்தான் இன்னும் சரியா வரல."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கீரைக் கட்டோடு ஒரு கொத்து கறிவேப்பிலையைச் சும்மா வைத்துக் கொடுத்தார்.